கரையான் புற்றும் மொட்டை மாடியும்: கட்டடங்கள் இயற்கையிடம் எதைக் கற்க வேண்டும்?

இயற்கையைப் பின்பற்றும் கட்டடக் கலையைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாக எல்லாரும் ஹராரே நகரின் ஈஸ்ட்கேட் சென்டரில் வந்து நிற்பார்கள். ஜிம்பாப்வேயின் தலைநகரில் 1996இல் திறக்கப்பட்ட இந்த வணிக வளாகத்தை வடிவமைத்தவர் மிக் பியர்ஸ். பொறியியல் பொறுப்பை அரூப் நிறுவனம் ஏற்றிருந்தது. ஒன்பது மாடி கொண்ட இரண்டு நீளக் கட்டடங்கள், நடுவே கண்ணாடிக் கூரை வேய்ந்த வெளி, உச்சியில் வரிசையாக 48 செங்கல் புகைபோக்கிகள். வழக்கமான மைய ஏ.சி. கிடையாது. நடுவெளியிலிருந்து விசிறிகள் இழுக்கும் காற்று அலுவலகத் தரைகளுக்கு அடியில் விடப்பட்ட வெற்றிடங்கள் வழியாகப் போய், அறைகளைக் கடந்து, புகைபோக்கிகளில் ஏறி வெளியேறுகிறது. இரவில் விசிறிகள் வேகம் கூட்டிக் குளிர்காற்றைக் கான்கிரீட்டின் ஊடே செலுத்துகின்றன. அப்படிக் குளிர்ந்த கான்கிரீட், மறுநாள் பகலில் ஆட்களும் கணினிகளும் கக்கும் வெப்பத்தை மெல்ல வாங்கிக்கொள்கிறது. ஏ.சி. இயந்திரங்களை வாங்காமல் விட்டதிலேயே 35 லட்சம் டாலர் மிச்சமானதாகச் சொல்வார்கள். ஆனால் கட்டடத்தின் புகழ் இந்தக் கணக்கால் வந்ததல்ல. யோசனை கரையான் புற்றிலிருந்து வந்தது என்ற செய்தியால் வந்தது.

அந்தச் செய்திக்கு அடிப்படையான உயிரியல் பிற்பாடு ஆட்டம் கண்டது. புற்றுக்குள் கரையான்களும் அவை வளர்க்கும் பூஞ்சையும் வெளியிடும் வெப்பத்தால் காற்று மேலேறி, மேற்சுவர்களை ஒட்டிக் குளிர்ந்து, மறுபடி கீழிறங்குகிறது, அதனால்தான் கூடு ஒரே வெப்பநிலையில் இருக்கிறது என்பது 1961இல் மார்ட்டின் லூஷர் முன்வைத்த விளக்கம். பல பத்தாண்டுகள் பாடப்புத்தகம் சொன்னதும் இதுவே. ஸ்காட் டர்னரும் ரூபர்ட் சோரும் ஆப்பிரிக்கப் புற்றுகளை நுணுகி ஆராய்ந்து 2008இல் இதை மறுத்தார்கள். கூட்டின் வெப்பநிலையை நிதானப்படுத்துவது சுற்றியுள்ள மண். மேலே எழும்பும் புற்று குளிரூட்டும் கருவியல்ல, காற்றின் வீச்சு மாறுபாடுகளைக் கொண்டு சுவாசம் நடத்தும் அமைப்பு என்றார்கள். 2015இல் ஹண்டர் கிங், சாமுவேல் ஓக்கோ, எல். மகாதேவன் மூவரும் பெங்களூரில் நம் ஊர்க் கரையான் இனமொன்றின் புற்றுகளில் காற்றோட்டத்தை அளந்து வேறொரு இயக்கத்தைக் கண்டார்கள். பகலில் புற்றின் வெளிப்புறப் புடைப்புகள் நடுப்பகுதியைவிடச் சீக்கிரம் சூடாகின்றன. அங்கே காற்று ஏறி, நடுவில் இறங்குகிறது. இரவில் வெளிப்புறம் முதலில் குளிர்வதால் ஓட்டம் தலைகீழாகிறது. கூட்டில் பகலெல்லாம் சேரும் கரியமில வாயு இரவில் வெளியேறிவிடுகிறது. புற்று காற்றை மாற்றுகிறது, குளிர வைப்பதில்லை. ஆக, கட்டடம் எதைப் பார்த்துச் செய்யப்பட்டதாகச் சொல்கிறோமோ அது அந்த வேலையைச் செய்வதே இல்லை.

அப்படியானால் ஈஸ்ட்கேட் எப்படி வேலை செய்கிறது? விடை ஹராரேயின் வானிலையில் இருக்கிறது. அந்நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. வெயில் கடுமையான அக்டோபரிலும் பகல் உச்சம் சராசரியாக 29 டிகிரியை ஒட்டியே நிற்கும். இரவில் 15 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். குளிர்ந்த, உலர்ந்த இரவுக் காற்று அங்கே இலவசச் சரக்கு. அதைக் கனமான கான்கிரீட்டில் சேமித்துப் பகலில் செலவழிக்கிறார்கள், அவ்வளவுதான். அதே கட்டடத்தைப் பெயர்த்துச் சென்னையில் வைத்தால் என்ன ஆகும்? மே மாதத்தில் இங்கே பகல் 37 டிகிரியைத் தாண்டும். இரவும் 28 டிகிரிக்குக் கீழே போக அடம்பிடிக்கும். காற்றில் ஈரம் வேறு. இரவில் சேமிக்கக் குளிர்ச்சியே இல்லாத ஊரில் கனத்த கான்கிரீட் பகல் வெப்பத்தைச் சேமித்து வைத்து, தூங்கப் போகிறவர்கள்மீது இறைக்கும். இந்தக் கட்டுரையின் வாதம் இதிலிருந்து பிறக்கிறது. கட்டடத்துக்கு இயற்கை ஆசானாவது உருவத்தாலோ உவமையாலோ பசுமையான தோற்றத்தாலோ அல்ல. அந்த இடத்தின் வெயில், காற்று, நீர், மண் ஆகியவற்றுக்கு விடை சொல்வதில்தான் அது ஆசானாகிறது. விடை சரியா என்பதை, குடியேறிய பிறகு எடுத்த அளவுகளே சொல்ல வேண்டும்.

உருவம், மரம், சான்றிதழ்

உயிரினங்களின் உத்திகளைத் தொழில்நுட்பத்துக்குக் கொண்டுவரும் போக்கு 1997இல் ஜனின் பென்யஸ் எழுதிய ‘பயோமிமிக்ரி’ நூலுக்குப் பிறகு தனித்துறையாகவே வளர்ந்தது. அதன் விளைச்சலைப் பிரித்துப் பார்க்க டெல்லியின் தாமரைக் கோயிலையும் தாமரை இலையையும் அருகருகே வைத்தால் போதும். ஃபரிபோர்ஸ் சஹ்பா வடிவமைத்து 1986இல் திறக்கப்பட்ட அந்த பஹாய் வழிபாட்டுக் கூடம் 27 பளிங்கு இதழ்களால் தாமரையைப் போலத் தோன்றுகிறது. ஆனால் உள்ளே வெக்கையைக் குறைப்பது இதழின் வடிவமல்ல. சுற்றியுள்ள ஒன்பது குளங்களை ஒட்டி வரும் காற்று கீழ்த்தளம் வழியாக நுழைந்து, சூடேறி, உச்சித் திறப்பில் வெளியேறுவதே அதைச் செய்கிறது. இதற்கு நேர்மாறானது ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட்டின் பணி. தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாமல் உருண்டு அழுக்கையும் வாரிக்கொண்டு போவது அதன் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய மேடுகளாலும் மெழுகாலும் என்று அவர் காட்டினார். அந்த அறிவைக் கொண்டு 1999இல் ‘லோட்டுசான்’ என்ற வெளிச்சுவர் பெயின்ட் சந்தைக்கு வந்தது. அந்தச் சுவரைப் பார்த்தால் தாமரை நினைவுக்கே வராது, இயக்கம் மட்டும் தாமரையுடையது. முன்னது அழகு, பின்னது பயன். இரண்டுக்கும் இடம் உண்டு. ஒன்றின் பெருமையை மற்றதன் கணக்கில் எழுதுவதுதான் பிழை.

இரண்டாவது போக்கு, கட்டடத்துக்குள் மனிதரின் கண்ணில் இயற்கை படும்படி செய்வது. மனிதருக்கு உயிர்களின்மீது பிறவியிலேயே ஓர் ஈர்ப்பு உண்டென்று உயிரியலாளர் எட்வர்ட் வில்சன் 1984இல் எழுதினார். அதே ஆண்டில் ‘சயின்ஸ்’ இதழில் ரோஜர் உல்ரிக் வெளியிட்ட ஆய்வு இதற்கு மருத்துவமனைச் சான்று தந்தது. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை அவர் ஜோடி ஜோடியாக ஒப்பிட்டார். ஜன்னலில் மரங்களைக் கண்டவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள். செங்கல் சுவரைக் கண்டவர்களுக்கு 8.70 நாள் ஆனது. முன்னவர்கள் கடுமையான வலிமருந்துகளையும் குறைவாகவே கேட்டார்கள். ஒரே மருத்துவமனையின் 23 ஜோடிகளை வைத்து உலகத்துக்கே விதி எழுதிவிட முடியாது. இருந்தும் இந்த ஆய்வு சொல்லும் செய்தி செலவில்லாதது, அதனாலேயே மதிப்புள்ளது: படுக்கைக்கு எதிரே ஜன்னலும் ஜன்னலுக்கு வெளியே மரமும் இருக்கட்டும். சிங்கப்பூரின் யீஷூனில் 2010இல் திறக்கப்பட்ட கூ டெக் புவாட் மருத்துவமனை இதைப் பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறது. தாழ்வாரங்களை ஒட்டித் தோட்டம், பக்கத்துக் குளத்தை நோக்கித் திறந்த முற்றம், பொது வார்டுகளில் கூடியவரை வெளிக்காற்று என்று அமைத்திருக்கிறார்கள். அங்கே செடி அலங்காரமாக நிற்கவில்லை. நிழலும் காற்றும் கண்ணுக்கு ஆறுதலும் சேர்ந்து கிடைக்கின்றன.

மரத்தைத் தரையிலிருந்து தூக்கி மாடியில் வைக்கும்போது கணக்கு மாறிவிடுகிறது. ஸ்டெஃபானோ போயரி வடிவமைத்து மிலானில் 2014இல் திறக்கப்பட்ட ‘செங்குத்துக் காடு’ இரட்டைக் கோபுரங்களில் சுமார் 800 மரங்கள் நிற்கின்றன. அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் மண்ணையும் மரத்தையும் காற்றின் தள்ளுவிசையையும் தாங்க மாடங்களைத் தடித்த கான்கிரீட்டில் வார்க்க வேண்டியிருந்தது. கிளை கழிக்கத் தோட்டக்காரர்கள் கயிற்றில் தொங்கி இறங்குகிறார்கள். அந்தக் கான்கிரீட்டை உண்டாக்க வெளியேறிய கரியை மரங்கள் எத்தனை ஆண்டில் ஈடுகட்டும் என்ற கேள்வி படத்தைப் பார்க்கிறவருக்குத் தோன்றுவதில்லை. இதே யோசனை சீனாவின் ஈரப்பதமான செங்டு நகருக்குப் போனபோது இன்னொரு பாடம் கிடைத்தது. 2018இல் கட்டி முடித்த ஒரு குடியிருப்பில் 826 வீடுகள், எல்லா மாடத்திலும் செடிகள். 2020 செப்டம்பரில் வந்த செய்திகளின்படி சுமார் பத்துக் குடும்பங்களே குடியேறியிருந்தன. வெட்ட ஆளில்லாமல் செடிகள் காடாக மண்ட, கொசு பெருகிவிட்டது. கொசுவுக்குப் பயந்து மாலை ஐந்து மணிக்கே ஜன்னலைச் சாத்தும் நம் கடலோர ஊர்களில், பராமரிக்க ஆளும் பாய்ச்சத் தண்ணீரும் உறுதியாகாமல் பசுஞ்சுவர் எழுப்புவது இதே வழியில்தான் போய் முடியும்.

மூன்றாவது போக்கு, பசுமைச் சான்றிதழ். கட்டடத்துக்குப் புள்ளிகள் வழங்கி வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று தரம் பிரிக்கும் முறைகள் உலகெங்கும் பரவின. ஹைதராபாத்தில் இந்தியத் தொழில் கூட்டமைப்பின் பசுமை வணிக மையம் 2003இல், அமெரிக்காவுக்கு வெளியே முதலாவதாக, ‘லீட்’ என்ற சான்றிதழ் முறையின் பிளாட்டினம் பெற்றபோது இந்தியாவிலும் அலை எழுந்தது. இந்த முறைகள் ஒரு பொது மொழியைத் தந்தன, பேச்சில்கூட வராதிருந்த விஷயங்களை ஒப்பந்தங்களுக்குள் கொண்டுவந்தன, அது நன்மைதான். ஆனால் சான்றிதழ் பெரும்பாலும் வரைபடத்தையும் கணினிக் கணிப்பையும் பார்த்துத் தரப்படுகிறது. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்த கை நியூஷாமும் சகாக்களும் லீட் பெற்ற 100 கட்டடங்களின் உண்மையான எரிசக்திக் கணக்கை 2009இல் ஆராய்ந்தார்கள். சராசரியாகச் சதுர அடிக்கு 18 முதல் 39 விழுக்காடு குறைவாகச் செலவாவதாகத் தெரிந்தது. ஆனால் அவற்றில் 28 முதல் 35 விழுக்காடு கட்டடங்கள், சான்றிதழ் இல்லாத இணைக் கட்டடங்களைவிடக் கூடுதலாகவே செலவழித்தன. அதே தரவுகளைப் பெரிய கட்டடங்களுக்கு உரிய எடை கொடுத்து மறுபடி கணக்கிட்ட ஜான் ஸ்கோஃபீல்ட், மின்நிலையத்தில் எரியும் எரிபொருளையும் சேர்த்துப் பார்த்தால் மிச்சம் ஏதுமில்லை என்றார். இந்த விவாதத்தில் யார் பக்கம் நின்றாலும் ஒன்று தெளிவு: பதக்கம் என்பது நோக்கத்தின் சான்று, விளைவின் சான்றல்ல.

கடலோர வெயிலுக்கு விடை

இடத்துக்கு விடை சொல்வது எப்படி என்பதைச் சென்னை முதல் நாகை வரையிலான கடலோரத்தை வைத்துப் பார்க்கலாம். சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் உச்சி வேளையில் நேர் தலைக்கு மேலே வருகிறது; இடைப்பட்ட மாதங்களில் சற்றே வடக்கே சாய்ந்து செல்கிறது. ஆகவே கோடையில் முதல் அடி வாங்குவது சுவரல்ல, மொட்டை மாடி. அடுத்து கிழக்கு, மேற்குச் சுவர்கள். காலையிலும் மாலையிலும் வெயில் தாழ்வாக, படுக்கையாக வந்து விழுவதால், ஜன்னலுக்கு மேலே நீட்டிவிடும் சன்ஷேடு அந்தத் திசைகளில் பெரிதாக உதவாது. மரமோ தட்டியோ செங்கல் ஜாலியோ செங்குத்தாக நின்றால்தான் தடுக்க முடியும். தெற்கிலும் வடக்கிலுமோ சூரியன் உயரத்தில் இருப்பதால் சிறிய சன்ஷேடே போதும். வீட்டை நீளவாக்கில் கிழக்கு மேற்காகப் போட்டுப் பெரிய ஜன்னல்களை வடக்கிலும் தெற்கிலும் வைப்பது இதனால்தான் முதல் விதியாகிறது. இரண்டாவது விதி காற்று. வேர்த்த உடம்பின்மேல் ஓடும் காற்று இரண்டு மூன்று டிகிரி குறைந்தது போன்ற இதம் தரும். பிற்பகலில் கடல்காற்று எழும்போது நுழைய ஒரு வாயும் வெளியேற எதிரே இன்னொரு வாயும் இல்லாத அறையில், ஜன்னல் எத்தனை பெரிதானாலும் காற்று ஓடாது. கடலுக்கு எதிரே கண்ணாடியால் மூடிச் சீல் வைத்த அலுவலகக் கோபுரங்கள் இந்த இரண்டு விதியையும் ஒருசேர மீறுகின்றன.

இந்த விதிகளை அச்சுப் பிசகாமல் காட்டும் கட்டடம் புதுச்சேரியில் இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் தங்குமிடமான கோல்கொண்டா, 1930களின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கப்பட்டது. வரைந்தவர் அன்டனின் ரேமண்ட்; களத்தில் நின்று கட்டியவர்கள் பிரான்சுவா சம்மெரும், பிற்காலத்தில் மரச்சாமான் கலைஞராகப் பெயர்பெற்ற ஜார்ஜ் நகஷிமாவும். அறைகள் ஒற்றை வரிசையில் உள்ளன. தெற்கிலும் வடக்கிலும் சுவர் என்று ஒன்றே இல்லை. தளத்திலிருந்து கூரைவரை படுக்கை வாட்டில் பலகைகள், விரலால் திருப்பி வெயிலையும் மழையையும் நிறுத்திக் காற்றை மட்டும் விடலாம். அறைக்கும் நடைக்கும் இடையே தேக்குச் சட்டங்களால் ஆன தள்ளுகதவு. சட்டங்கள் முன்னும் பின்னுமாக அடுக்கப்பட்டிருப்பதால் மூடியிருந்தாலும் காற்று போகும், கண் போகாது. கான்கிரீட் கூரையின்மேல் வளைந்த ஓடுகள் இடைவெளி விட்டுப் பரப்பப்பட்டுள்ளன. வெயில் ஓட்டைச் சுடும், இடையில் ஓடும் காற்று அந்தச் சூட்டைக் கொண்டுபோய்விடும், கூரை நிழலில் இருக்கும். காலடியில் மெருகேற்றிய கருங்கடப்பைக் கல். இத்தனைக்கும் இது சுடுமண் குடிசையல்ல, இந்தியாவில் வார்த்துக் கட்டிய முற்காலக் கான்கிரீட் கட்டடங்களுள் ஒன்று. பலகைகளுக்கு அன்று பயன்படுத்திய ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் இன்று ஆகாது. பொருளை மாற்றலாம், உத்தி பழுதில்லாமல் நிற்கிறது. எந்த உயிரினத்தின் சாயலும் இல்லாத இந்தக் கட்டடம், கரையான் புற்றின் பெயரைச் சொல்லும் பலவற்றைவிட இயற்கையை நன்றாகப் புரிந்துகொண்டது.

உடனே ஒரு குரல் எழும்: இதையெல்லாம் நம் முன்னோர் செய்யவில்லையா, செட்டிநாட்டு வீடு போதாதா? போதும் என்பதும் இல்லை, வீண் என்பதும் இல்லை. முற்றம் காற்றை இழுத்தது, வெளிச்சம் தந்தது, மழைநீரைச் சேர்த்தது. தாழ்வாரம் சுவரை வெயில் படாமல் காத்தது. முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு பல தலைமுறை உதிராமல் நின்றது. பழைய சென்னை வீடுகளின் மெட்ராஸ் டெரஸ் கூரை, தேக்கு உத்திரங்களின்மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துக் கெட்டித்து, தட்டோடு பதித்தது. இன்றைய ஐந்து அங்குலக் கான்கிரீட் தளத்தைவிட வெயிலை அது நன்றாகவே மட்டுப்படுத்தியது. ஆனால் அந்தப் பெருவீடுகளின் தேக்கு பர்மாவிலிருந்து வந்தது, பளிங்கு இத்தாலியிலிருந்து வந்தது. வட்டித் தொழிலும் கடல் வணிகமும் ஈட்டிய செல்வம் அவற்றைக் கட்டியது. ஒரு குடும்பத்துக்கு ஒரு தெருவிலிருந்து மறு தெருவரை நிலம் இருந்த காலம் அது. அதே ஊரில் நிலமற்றவர்கள் வாழ்ந்தது ஓலைக் கூரையின் கீழ். மூன்று சென்ட் மனையில் இரண்டு மாடி எழுப்புகிறவரிடம் முற்றம் விடச் சொல்வது உபதேசமாகவே நிற்கும். பழைய வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் திட்டவரைவை அல்ல, அதன் காரணங்களை. முற்றத்தின் வேலையில் ஒரு பங்கை மாடிப்படிக் கூடத்தின் உச்சியில் வைக்கும் திறப்பு செய்யும். தட்டோட்டின் வேலையில் ஒரு பங்கை மொட்டை மாடியில் பூசும் வெள்ளைச் சுண்ணாம்போ குளிர்கூரைப் பூச்சோ செய்யும்.

பொருளும் நீரும்

குளிர்ச்சி பாதிக் கணக்குதான். மீதி பாதி, கட்டடம் எழுவதற்குள்ளேயே செலவாகிவிடுகிறது. 2021ஆம் ஆண்டுக்கு ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் வெளியிட்ட கணக்கின்படி, எரிசக்தியாலும் தொழில்முறைகளாலும் வெளியேறும் கரியமில வாயுவில் சுமார் 37 விழுக்காடு கட்டடங்களாலும் கட்டுமானத்தாலும் வருகிறது. சிமென்ட் மட்டும் உலக உமிழ்வில் ஏறத்தாழ எட்டு விழுக்காடு. ஆகவே எதைக் கொண்டு கட்டுகிறோம் என்பதைவிட எவ்வளவு குறைத்துக் கட்டுகிறோம் என்பதே முதல் கேள்வி. இதில் திருவனந்தபுரத்தை மையமாகக் கொண்டு உழைத்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வழிகாட்டி. கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். கம்பிகளுக்கு இடையிலுள்ள கான்கிரீட் பெரும்பாலும் சும்மா இருக்கும் சுமை. அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்து வார்த்தால் சிமென்டும் மிச்சம், எடையும் குறைவு, இடையில் அடைபட்ட காற்றால் வெக்கையும் மட்டுப்படும். செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி, நடுவில் பொந்து விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டில் கல் நான்கில் ஒரு பங்கு குறைகிறது. ஆரோவில்லின் மண் கட்டுமான நிறுவனம், சுமார் ஐந்து விழுக்காடு சிமென்ட் கலந்த மண்ணை இயந்திரத்தில் அழுத்திக் கற்களாக்கிப் பல மாடிகள்வரை கட்டிக் காட்டியிருக்கிறது. அதற்குச் சூளையும் விறகும் வேண்டாம். இவையெல்லாம் கொத்தனாரின் கையிலும் மேஸ்திரியின் கண்ணிலும் இருக்கும் தொழில்நுட்பங்கள். பயிற்சி பெற்ற ஆள் கிடைக்காதது இவற்றின் உண்மையான தடை, பொருளின் பலவீனம் அல்ல.

நீரில் தமிழ்நாடு ஒரு பெரிய சோதனையை நடத்தி முடித்திருக்கிறது. 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. மாடி நீரைக் குழாய் வழியாக இறக்கி, ஜல்லியும் மணலும் இட்ட குழியிலோ கிணற்றிலோ விடும் எளிய ஏற்பாடுதான். இந்தியாவில் வேறெங்கும் அவ்வளவு வேகத்தில் அவ்வளவு வீடுகளில் ஒரு சூழல்முறை நுழைந்ததில்லை என்று சொல்லலாம். கட்டட அனுமதியோடும் குடிநீர் இணைப்போடும் கட்டினால் எதுவும் நடக்கும் என்பது அதன் முதல் பாடம். 2015 டிசம்பரில் மூழ்கிய அதே சென்னை, 2019 ஜூனில் ஏரிகள் வறண்டு தண்ணீர் ரயிலுக்குக் காத்திருந்தது இரண்டாவது பாடம். குழி வெட்டியதோடு கடமை முடிந்ததென்று விட்டதால் சேறு அடைத்துப்போன குழிகள் ஏராளம். மனைகளுக்கு வெளியே நீர் தங்க வேண்டிய சதுப்பு நிலத்தையும் ஏரிக்கரையையும் கட்டடங்கள் விழுங்கிக்கொண்டிருந்தன. தனிவீட்டின் நற்செயல் தேவை. அதுமட்டும் போதாது. வெயிலுக்கும் இது பொருந்தும். தெருவில் மரமில்லாமல், எதிர் வீட்டு ஏ.சி. கக்கும் அனல் ஜன்னலுக்கு நேரே வரும்போது, வீட்டுக்காரர் எத்தனை கவனமாகக் கட்டினாலும் ஜன்னலைச் சாத்தத்தான் செய்வார்.

எதிர்வாதங்கள்

வலிமையான எதிர்வாதம் ஏ.சி.யின் பக்கமிருந்து வருகிறது. வெப்ப அலைகள் கூடிவருகின்றன. ஈரமும் சூடும் சேர்ந்து ஒரு வரம்பைத் தாண்டினால் வியர்வையே உலராது, அப்போது காற்றோட்டத்தால் பயனில்லை. முதியோரும் நோயாளிகளும் அதில் சாகிறார்கள். இது உண்மை. இயந்திரமே வேண்டாம் என்பது வசதியுள்ளவர்கள் பேசும் துறவறம். ஆனால் இந்த வாதம் முடியும் இடத்தில்தான் கட்டட வடிவமைப்பின் வாதம் தொடங்குகிறது. 2019இல் இந்திய அரசு வெளியிட்ட குளிரூட்டல் செயல்திட்டம், நாட்டின் குளிரூட்டல் தேவை 2017–18ஐ ஒப்பிட 2037–38இல் சுமார் எட்டு மடங்காகும் என்று மதிப்பிட்டது. அந்தச் சுமை முழுவதையும் இயந்திரத்தின் தலையில் கட்டினால் மின்சாரமும் தாங்காது, ஏழையின் பையும் தாங்காது. நிழல் பட்ட கூரையும் சுவரும் உள்ள அறையில் அதே ஏ.சி. குறைந்த நேரம் ஓடினால் போதும். மின்சாரம் போனாலும் அந்த அறை உடனே அடுப்பாகிவிடாது. எது சௌகரியம் என்பதும் எங்கும் ஒன்றல்ல. சென்னை உள்ளிட்ட ஐந்து இந்திய நகரங்களின் அலுவலகங்களில் எடுத்த களஅளவுகளைக் கொண்டு அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய மாதிரி, இயற்கைக் காற்றோட்டமுள்ள கட்டடங்களில் இந்தியர்கள் 28 டிகிரியையும் இதமாக உணர்வதைக் காட்டியது. 22 டிகிரி அலுவலகத்தில் சால்வை போர்த்தி உட்காருவது இந்த மண்ணின் தேவையல்ல, இறக்குமதியான வழக்கம்.

இரண்டாவது எதிர்வாதம் மக்களின் விருப்பம் பற்றியது. மண் கல், சுண்ணாம்பு, ஜாலி என்றால் அது ஏழை வீடு அல்லது பணக்காரரின் பண்ணை வீடு. நடுத்தரக் குடும்பம் கேட்பது கான்கிரீட்டும் டைல்ஸும். எகிப்தில் ஹசன் ஃபாத்தி 1940களில் மண் செங்கல்லால் எழுப்பிய புதிய குர்னா கிராமம் இந்த வாதத்துக்குச் சாட்சியாக நிற்கிறது. வெயிலைத் தணிப்பதில் வெற்றி. குடியேற வேண்டிய மக்களோ பெரும்பாலும் மறுத்துவிட்டார்கள். இடம்பெயர அவர்களுக்கு மனமில்லை என்பது ஒரு காரணம், குவிமாடக் கூரை அவர்களுக்குக் கல்லறையை நினைவூட்டியது இன்னொன்று. நல்ல கட்டடத்தை மக்கள்மேல் சுமத்த முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் இந்தக் கட்டுரை கேட்பதில் பெரும்பகுதி வீட்டின் முகத்தை மாற்றாதது: மனையில் வீட்டின் திசை, எதிரெதிர் ஜன்னல், கூரைக்கு மேலே நிழல் அல்லது வெள்ளைப் பூச்சு, மேற்குச் சுவரில் கழிப்பறையும் பீரோவும் வைத்துப் படுக்கையறையை விலக்குவது. கான்கிரீட் வீட்டிலேயே இவற்றைச் செய்யலாம், கூடுதல் செலவும் அற்பம். வரைபடம் போடும் நாளில் செய்யத் தவறினால்தான் பிறகு ஆயுள் முழுக்க மின்கட்டணமாகக் கட்ட வேண்டிவரும்.

மூன்றாவது சிக்கல் பணத்தில் இருக்கிறது. கட்டுகிறவர் ஒருவர், மின்கட்டணம் கட்டுகிறவர் வேறொருவர். அடுக்ககத்தை விற்றுவிட்டுப் போகும் கட்டுமானக்காரருக்கும் வாடகைக்கு விடும் உரிமையாளருக்கும் கூரைப் பூச்சால் லாபமில்லை. சந்தை தானாகத் தீர்க்காத இந்த இடத்தில்தான் சட்டம் வர வேண்டும்; ஓரளவு வந்தும் இருக்கிறது. எரிசக்தித் திறன் பணியகத்தின் ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’ 2018 குடியிருப்புகளுக்கான விதி. வெளிச்சுவரும் ஜன்னலும் சேர்ந்து உள்ளே விடும் வெப்பம் சதுர மீட்டருக்குச் சராசரி 15 வாட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. அதைவிட முக்கியம், திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பை அது ஊருக்கு ஊர் மாற்றிச் சொல்கிறது: வறண்ட வெப்பப் பகுதியில் தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு, சென்னை போன்ற ஈர வெப்பப் பகுதியில் ஆறில் ஒரு பங்கு. நாடு முழுமைக்கும் ஒரே விடை கிடையாது என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட இடம் இது. ஆனால் விதி ஏட்டில் இருந்தால் போதாது. மழைநீர்க் குழி போல இதையும் கட்டட அனுமதியோடு கட்டி, முடிந்தபின் நேரில் பார்த்துச் சரிபார்க்காதவரை மாநகராட்சிக் கோப்பில் ஒரு தாள் கூடுவதோடு நின்றுவிடும்.

இதுவரை பார்த்ததைத் தொகுத்தால் அளவுகோல் எளிதாகிறது. ஒரு கட்டடம் இயற்கையோடு இயைந்தது என்று சொல்லும்போது அது எந்த உயிரினத்தைப் போலிருக்கிறது, எத்தனை செடி வைத்திருக்கிறது, என்ன பதக்கம் வாங்கியிருக்கிறது என்று கேட்பதை நிறுத்த வேண்டும். குடியேறி இரண்டு கோடைகள் கழிந்தபின் சதுர அடிக்கு எவ்வளவு மின்சாரம் செலவாகிறது, மே மாத மதியம் மின்சாரம் போனால் உள்ளே எத்தனை மணி நேரம் இருக்க முடிகிறது, கட்ட எவ்வளவு சிமென்டும் கம்பியும் சென்றன, மழைநீர் எங்கே போகிறது என்ற நான்கு கேள்விகளே போதும். பொதுப் பணத்தில் எழும் பள்ளி, மருத்துவமனை, அலுவலகம், அடுக்ககக் குடியிருப்பு ஒவ்வொன்றும் இந்த நான்கு விடைகளையும் ஆண்டுதோறும் வாசலில் எழுதி வைக்க வேண்டும் என்று அரசு ஆணையிடலாம். அதற்குப் புதிய தொழில்நுட்பம் வேண்டாம், மீட்டரும் பதிவேடும் போதும். ஈஸ்ட்கேட் பிழையான உயிரியலோடு தொடங்கியும் தேறியதற்குக் காரணம், அதன் பொறியாளர்கள் தங்கள் ஊரின் இரவுக் குளிரைச் சரியாகக் கணக்கிட்டதுதான். நம் கட்டடங்கள் தோற்பது கணக்கிடத் தெரியாததால் அல்ல. தோற்றதை எவரும் அளந்து வெளியிடாததால், ஒரே பிழையை ஊர் முழுக்கத் திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.